முப்பத்தெட்டு வாசல்கள்

நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் தாரு மக்களின் ஊர் ஒன்று. அங்கிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஆள் பெஜ்லால். போய்ப் பதினோரு வருடம். வயது ஐம்பத்தெட்டு.

அவருக்கு எழுத்தறிவித்தவர் கோய்லி டீச்சர். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெஜ்லால் பண்ணையடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட வருடம், முதியோர் வகுப்பில் கையைப் பிடித்துப் பெயர் எழுத வைத்தார். இப்போது அவர்தான் ஊர்த்தலைவி. தை முதல் நாள், மாகீ திருநாளன்று வீட்டுக்கு ஒருவராகக் கூடித் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பெஜ்லால் வந்தபோது டீச்சர் குதிருக்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒன்று கேட்க வேண்டும்."

"எம்.பி. ஐயா கேட்கலாம்."

"ஆற்றங்கரைக் குடியிருப்பைக் காலி செய்து வனவிலங்குப் பூங்காவோடு சேர்க்க மசோதா வருகிறது. வியாழக்கிழமை ஓட்டு."

டீச்சரின் கை நின்றது. "விடுதலையானபோது நம் ஆட்களுக்கு அரசாங்கமே கொடுத்த நிலம் அது."

"ஆமாம்."

"யாரைக் கேட்டு எடுக்கிறார்கள்?"

"குடியிருப்பவர்களைக் கலந்து பேசியாகிவிட்டது என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை சொல்கிறது. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். கையெழுத்துப் போட்டேன்."

"யாரிடம் பேசினீர்கள்?"

பெஜ்லால் ஈரக் களிமண்ணைப் பார்த்தார்.

"நான் கற்றுக்கொடுத்த கையெழுத்து," என்றார் டீச்சர்.

"எதிர்த்து ஓட்டுப் போட்டால் கட்சி அடுத்த முறை சீட்டு தராது. உள்ளே இருந்தால் பின்னால் ஏதாவது நல்லது செய்யலாம். எது சரி, சொல்லுங்கள்."

டீச்சர் கையைக் கழுவினார். "வீடு வீடாகச் சேதி சொல்லும் லவுட்டனுக்குக் காய்ச்சல். ஆற்றங்கரையில் முப்பத்தெட்டு வீடு. இப்போது என்னிடம் சொன்னதை ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வாருங்கள். கையெழுத்தையும் சேர்த்து. பிறகு பதில் சொல்கிறேன்."

முதல் வாசலில் ஃபுல்மதி கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கள் அண்ணா. டிவியில் பார்த்தோம். மத்தளம் கட்டிக்கொண்டு மந்திரிகள் முன்னால் ஆடினீர்களே."

"ஆடச் சொன்னார்கள்."

"பேசச் சொல்ல மாட்டார்களா?"

அவள் புருஷன் சிரித்தான். பெஜ்லாலும் சிரித்தார். சுட்ட மீனும் அரிசிக் கள்ளும் வந்தன. கடுகு நன்றாகப் பூத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஒன்பதாவது வீட்டில் நத்தைக் குழம்பு. இருபத்திரண்டாவது வீட்டில் புதுத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். கைராசி உள்ளவர், நீங்கள் ஒரு ஆணி அடியுங்கள் என்று சுத்தியலை நீட்டினார்கள். அடித்தார்.

பொழுது சாயும்போது திரும்பினார்.

"எத்தனை வாசல்?" என்றார் டீச்சர்.

"முப்பத்தெட்டு."

"எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?"

"ஒருவரிடமும் இல்லை."

"ஏன்?"

"போனதும் உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு எப்படி டீச்சர் சொல்வது?"

"லவுட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேதியைச் சொல்லி முடிக்கும்வரை எந்த வீட்டிலும் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெற்ற மகள் வீட்டிலும்கூட."

"நான் சேதிக்காரன் இல்லை. நான் எம்.பி."

"எதற்காக அங்கே அனுப்பினோம்? மத்தளம் அடிக்கவா?"

பெஜ்லாலின் காது சிவந்தது. "என்னைத் துரோகி என்பார்கள்."

"என்பார்கள்."

"கட்சியும் விட்டுவிடும். நான் எங்கே போய் உட்காருவேன்?"

டீச்சர் அவருடைய செருப்பை எடுத்து, வெளியே போகும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"முப்பத்தெட்டு வாசலும் அப்படியே இருக்கிறது. நின்றுகொண்டு சொல்லுங்கள். சொன்ன பிறகும் யாராவது உட்காரச் சொன்னால், அங்கே உட்காருங்கள்."