யாளிக்குக் கீழே ஓர் இலை

சீடர் ஆவுடையப்பன், மடத்துச் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து குருவின் அறை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார். கையில் ரம்பம் இருந்தது.

"அம்மா, அந்த முப்பிடாதியை இன்னைக்கே வெளிய அனுப்புங்க. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

குரு உலகம்மை அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினார்.

"என்ன செஞ்சா?"

"கூரை முட்டுக்கட்டையைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கா. அறுக்க விட மாட்டேங்கா."

விஷயம் இதுதான். சாப்பாட்டுக்கூடத்தின் கூரை சுவரைத் தாண்டி நாலடி வெளியே நீண்டிருக்கும். அந்த இறவாரம் போன மழையில் தொங்கிப்போனது. சமையல்காரி முப்பிடாதி எங்கிருந்தோ இரண்டு பனங்கட்டைகளை இழுத்துவந்து முட்டுக் கொடுத்தாள். பார்க்க அசிங்கம்தான், மறுப்பதற்கில்லை. மறுநாள் குருபூஜை. பெரிய மனிதர்கள் காரில் வருகிறார்கள். மடத்துக்கு வருமுன் தச்சுப்பட்டறை வைத்திருந்த ஆவுடையப்பன், ஒரு மாதமாக இழைத்து இழைத்து, யாளிமுகம் செதுக்கிய எட்டுத் தேக்குக் கட்டைகளை இறவாரத்துக்கு அடியில் வரிசையாகப் பொருத்தியிருந்தார். எட்டு யாளிகளும் கூரையைத் தலையில் சுமப்பது போலவே இருந்தன. இனி பனங்கட்டை எதற்கு என்று அறுக்கப் போனார்.

"கரண்டி பிடிக்கிறவளுக்குக் கூரையைப் பத்தி என்ன தெரியும்? 'விழுந்திரும் சாமி, விழுந்திரும் சாமி'ன்னு அதையே சொல்லுதா. கையைப் பிடிச்சு இழுத்தேன். கடிச்சுட்டா!"

மணிக்கட்டைக் காட்டினார். பல் பதிந்திருந்தது.

அம்மையார் எழுந்து போனார். முப்பிடாதி இன்னும் முட்டுக்கட்டையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். அவள் வளையல் உடைந்து, முழங்கையில் ரத்தம் கோடாக வழிந்திருந்தது.

அம்மையார் யாளிகளை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு."

ஆவுடையப்பனுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"நாளைக்கு இந்த இடத்துல யாரு சாப்பிட உட்காருவா?" என்று கேட்டார் அம்மையார்.

"பெரியவங்க உள்ள உட்காருவாங்க. இங்க எப்பவும் போல செங்கல்சூளை ஆளுங்க, புள்ளகுட்டியோட."

"முப்பிடாதி, இங்க ஒரு இலை போடு. சோறு வை."

"நான் போனா அறுத்திருவாரும்மா."

"நீ போ. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அம்மையார் முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். முப்பிடாதி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய், சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். நடு யாளிக்கு நேர் கீழே இலை விரித்துப் பரிமாறினாள்.

"உட்காருங்க ஆவுடையப்பன்."

"எனக்கு இப்ப பசிக்கலைம்மா."

"ரம்பத்தை இப்படிக் கொடுங்க. நீங்க சாப்பிடுங்க, நான் அறுக்கேன்."

ஆவுடையப்பன் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் கையிலிருந்து ரம்பத்தை வாங்கி, பனங்கட்டையில் அதன் பல்லை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தூள் உதிர்ந்தது.

ஆவுடையப்பன் ஓர் எட்டுப் பின்னால் போனார்.

"ஏன், உங்க யாளிதானே மேல இருக்கு?"

"அம்மா, அது அழகுக்கு வச்சது. பாரம் தாங்காது."

"ஏன் தாங்காது?"

"ரெண்டு ரெண்டு ஆணிதான் அடிச்சிருக்கு. விரல் நீளம்."

"அப்போ நாளைக்கு?"

ஆவுடையப்பன் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு நாள்தானே... நிக்கும்னு நினைச்சேன்."

மடத்துக்கு வந்த பதினோரு வருஷத்தில் ஆவுடையப்பன் அம்மையாரின் முகத்தை அப்படிக் கண்டதில்லை. கோபத்தில் உதடு வெளுத்திருந்தது. அம்மையார் ரம்பத்தைச் சோற்று இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெரியாம செஞ்சிருந்தா, வேலை சொல்லிக்கொடுக்க ஒரு தச்சனைக் கூப்பிட்டிருப்பேன். தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க. இப்ப நான் யாரைக் கூப்பிட?"