கூரை மாற்றிய ரொட்டிக்காரர்

“மாயெஸ்ட்ரா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னை இந்த முற்றத்துக்குள்ளயே விடமாட்டீங்க.”

“அப்போ முதல்ல உள்ள வந்து உட்காருங்க மானோங். அப்புறம் சொல்லலாம்.”

வந்தவர் ஹசிந்தோ. ரொட்டிக்கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தாறு. உட்காரச் சொன்னவள் எர்லிண்டா, வயது முப்பத்துமூன்று. செபு தீவின் கடலோர ஊர் ஒன்றில் பிரம்புச் சண்டைப் பள்ளி நடத்துகிறவள். எஸ்க்ரிமா என்று அந்த நாட்டுக்காரர்கள் சொல்லும் வித்தை அது.

ஹசிந்தோ அங்கேதான் பயில்கிறார். அவள் ஆசிரியை, அதனால் அவருக்கு மாயெஸ்ட்ரா. அவர் மூத்தவர், அதனால் அவளுக்கு மானோங், அதாவது அண்ணன். மரியாதையில் இருவருமே குறை வைப்பதில்லை.

ஹசிந்தோ உட்காரவில்லை.

வீட்டின் பின்புறம், ஓலைக்கூரை போட்ட சமையல் கொட்டகையில் எர்லிண்டா வேலையாக இருந்தாள். தொட்டியில் ஊறிக்கிடந்த பிரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடுப்பில் வாட்டி, கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில்.

“ரொட்டி நாலு நாளா கருகி வருதுன்னு ஊரே சொல்லுது,” என்றாள்.

“என் மனசு அடுப்புல இல்ல.”

“வேற எங்க இருக்கு?”

“நாளைய நெனப்புலயே இருக்கு.”

நாளைக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நாளை, எர்லிண்டாவின் அப்பா கிறிஸ்புலோவின் மூன்றாவது நினைவு நாள். பள்ளியின் பெரிய ஆசான் அவர். இந்த வித்தையில் அடிகள் பன்னிரண்டு. மற்றப் பள்ளிகளில் அத்தனையையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இங்கே பதினொன்றுதான். பன்னிரண்டாவதை ஆசான் ஒரே ஆளுக்கு, ஒரே ஒரு முறை காட்டுவார். திரும்பக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. காட்டியது என்ன என்று வெளியே பேசவும் கூடாது. பள்ளி தொடங்கிய நாள் முதல் இதுதான் வழக்கம்.

கிறிஸ்புலோ அதை ஹசிந்தோவுக்குக் காட்டினார். மகள் அப்போது மணிலாவில் நர்ஸ் வேலையில் இருந்தாள். “என் பொண்ணு திரும்பி வந்து மூணு வருஷம் பள்ளியை நடத்தட்டும். அப்புறம் நீ அவளுக்குக் காட்டு,” என்று சொல்லிவிட்டு மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த மூன்று வருஷம் நாளையோடு முடிகிறது. நான்கு ஊர்ப் பள்ளிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையில் ஹசிந்தோ அவளுக்குத் தனியாகக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவள் எல்லோர் முன்னாலும் அப்பாவின் பிரம்பை எடுத்து அவர் இடத்துக்கு வரலாம்.

“மாயெஸ்ட்ரா,” என்றார் ஹசிந்தோ. “எங்கிட்ட பன்னிரண்டாவது இல்ல.”

எர்லிண்டா கையிலிருந்த பிரம்பை அடுப்பிலிருந்து விலக்கினாள்.

“அப்பா காட்டலயா?”

“காட்டினாரு. நான் பார்க்கல. கண்ணை மூடிட்டேன்.”

சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டார். பிரம்பு பிடிக்கிறவனுக்கு முதல் நாள் சொல்லும் முதல் பாடமே கண்ணை மூடாதே என்பதுதான். இருபது வருஷம் பயின்றவர், பாவம், மூடக்கூடாத ஒரே நொடியில் மூடித் தொலைத்தார்.

“அவர்கிட்ட சொல்லலையா?”

“‘பாத்துட்டியா?’ன்னாரு. ‘பாத்துட்டேன்’னு தலையாட்டிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்கிறது?”

அவள் பிரம்பை ஓரமாக வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஹசிந்தோவுக்கு அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றார். “கடையில, மாவு உருட்டுற கட்டையை வச்சு நானே ஒரு அடி தயார் பண்ணேன். நடு நெத்தியில வந்து இறங்கும். பார்க்க நல்லாவே இருக்கும். நாளைக்கு அதைக் காட்டிரலாம்னுதான் இருந்தேன்.”

“பின்ன ஏன் வேணாம்னு விட்டீங்க?”

“உங்க அப்பா பேரைச் சொல்லி என் கட்டையைக் காட்ட மனசு வரல. வெளியூர்க்காரங்க நாளைக்கு நம்மளைப் பதினொண்ணுப் பள்ளின்னு கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். என்னால வந்ததுன்னு நானே எழுந்து நின்னு சொல்லிடறேன்.”

எர்லிண்டா அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

“அன்னைக்கு என்ன நடந்தது? ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க.”

“எல்லாமே ஞாபகம் இருக்கு. அது ஒண்ணுதான் இல்ல.”

“சொல்லுங்க.”

“இதே கொட்டகைதான். வெளிய மழை ஊத்துது. அவரு முற்றத்துல நனைஞ்சுகிட்டே பிரம்பு சுத்திட்டு உள்ள வந்தாரு. நான் அடுப்புல கருவாடு சுட்டுக்கிட்டு இருந்தேன். ‘எந்திரி, தடுக்காம நில்லு’ன்னாரு. நின்னேன். பிரம்பை ஓங்கினாரு. மாயெஸ்ட்ரா, அவரு சின்ன வயசுல பந்தயச் சண்டைக்குப் போயி அடிச்ச அடியில ஒருத்தன் எழுந்திரிக்கவே இல்லைன்னு ஊருல சொல்லுவாங்க. அந்தக் கைதானே? நேரா என் தலைக்கு வருது. மூடிட்டேன்.”

“அப்புறம்?”

“காத்து முகத்துல அடிச்சது. மூக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தது. கண்ணைத் திறந்தா அவரு பிரம்பை மூலையில சாத்திக்கிட்டு இருக்காரு. ‘பாத்துட்டியா?’ன்னாரு. அவ்வளவுதான். கருவாடு கருகிப்போச்சு.”

“வேற ஒண்ணுமே பேசலையா?”

“நான்தான் பேசினேன். பதட்டத்துல என்ன சொல்றதுன்னு தெரியல. ‘கூரை ஒழுகுது, நான் வந்து சரிபண்ணித் தரேன்’னேன். அவரு சிரிச்சாரு பாருங்க, இருமல் வந்து உட்கார்ந்துட்டாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அடுத்த வாரமே ஓலையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறினேன். ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியல. சரின்னு பழைய ஓலை மொத்தத்தையும் மாத்தி விட்டேன்.”

எர்லிண்டா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அழப்போகிறாளோ என்று ஹசிந்தோ பயந்தார்.

அவள் எழுந்தாள். தொட்டிக்குள் கைவிட்டு, நன்றாக ஊறிய பிரம்பு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இது நனைஞ்சிருக்கே.”

“இருக்கட்டும். அடிங்க. ஒண்ணுலேருந்து.”

“இப்பவா? இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா?”

“நீங்க என்கிட்ட படிக்கிறவர்தானே மானோங்?”

அவளும் ஒரு பிரம்பை எடுத்தாள். இருவரும் பிரம்பை நெற்றியில் தொட்டு வணங்கிக்கொண்டார்கள்.

ஹசிந்தோ அடித்தார். அவள் தடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஊறிய பிரம்பிலிருந்து தண்ணீர் தெறித்து அடுப்பில் விழுந்து சுரீர் என்றது.

“வேகம் போதாது,” என்றாள்.

பதினொன்று முடிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

“ரொட்டிக்கு மாவா தட்டுறீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்து வெட்கமும் நாலு நாள் தூக்கமில்லாத எரிச்சலும் தோளுக்கு வந்தன. இன்னும் வேகமாக அடித்தார். பிரம்பும் பிரம்பும் மோதும் சத்தம் கொட்டகையை நிறைத்தது.

“இந்தச் சுற்றுல பதினொண்ணோட நிறுத்தாதீங்க.”

“அதுக்கு மேல என்கிட்ட என்ன இருக்கு?”

“கை எங்க போகுதோ, போகட்டும்.”

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. கை தானாக மேலே எழுந்தது. மாவுக்கட்டையை வைத்துப் பழகிய அதே அடி. முழு வேகத்தோடு அவள் நடு நெற்றியைப் பார்த்து இறங்கியது.

எர்லிண்டா தன் பிரம்பைக் கீழே போட்டாள்.

இரண்டு கையையும் தொங்கவிட்டு, நிமிர்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரம்பு நின்றது.

எப்படி நின்றது என்று கேட்டால் ஹசிந்தோவுக்குச் சொல்லத் தெரியாது. அவள் நெற்றிக்கும் பிரம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அடித்த காற்றில் அவள் முன்முடி மட்டும் எழுந்து படிந்தது.

“என்ன காரியம் பண்ணீங்க?” என்றார். “உயிர் போயிருக்கும்.”

அவள் நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை.

பிரம்பு நுனியில் தண்ணீர் திரண்டது. கனத்தது. ஒரு சொட்டு அவள் மூக்கின் மேல் விழுந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை.

ஹசிந்தோ அந்தச் சொட்டைப் பார்த்தார். தன் கையில் இருந்த பிரம்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, தானே வேய்ந்த கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பெரிய ஆசானைப் போலவே அவருக்கும் அது இருமலில் போய் முடிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போயிற்று. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

எர்லிண்டா கீழே கிடந்த பிரம்பை எடுத்து நெற்றியில் தொட்டு அவரை வணங்கினாள். ஒரு மாணவி ஆசானை வணங்குகிற மாதிரி.

“பாத்துட்டேன் மானோங்,” என்றாள்.

“மாயெஸ்ட்ரா,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “கூரையில அன்னைக்கு ஓட்டையே இல்ல.”

“எனக்குத் தெரியும். இந்தக் கூரைக்குக் கீழதானே நான் வளர்ந்தேன்.”