சொரிமுத்து அண்ணாச்சி சேம்பர் கழட்டின கதை

என் சலூன்ல முடி வெட்ட ஒரு நாற்காலி, காத்திருக்க ஒரு பெஞ்சு. பெஞ்சுல உக்காந்து பேசுத பேச்சுக்குக் கடைக்காரன் பொறுப்பில்லன்னு ஒரு போர்டு எழுதி மாட்டணும்னு ரொம்ப நாளா நெனைக்கேன். சொரிமுத்து அண்ணாச்சி எங்க தெருவுல இருக்க வரைக்கும் அந்தப் போர்டு இல்லாம கடை நடத்துதது கஷ்டம்.

அன்னைக்குக் காலையில நாற்காலியில கல்யாண மாப்பிள்ளை கோமதிநாயகம். மூஞ்சி பூரா சோப்பு நுரை. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் தாலி கட்டு. அப்பா இல்லாத பையன். பெஞ்சுல ஒரு ஓரத்துல அவன் பெரியப்பா ஆவுடையப்பன், இன்னொரு ஓரத்துல தாய்மாமன் சொரிமுத்து. நடுவுல ரெண்டு ஆளு உக்காரலாம். ஆனா ரெண்டு பேருக்கும் ஆவாதுங்கிறது ஊருக்கே தெரியும்கிறதால ஒருத்தரும் உக்கார மாட்டாங்க.

"மச்சான், கடைசியாக் கேக்கேன்," அப்படின்னாரு பெரியப்பா. "வாடகைக்கு ஒரு காரு சொல்லி வச்சிருக்கேன். மேல தொறந்த காரு. முகூர்த்த நாளா இருக்கதால, வேணுமா வேண்டாமான்னு இப்பமே சொல்லணுமாம். இல்லன்னா வேற கல்யாணத்துக்குப் போயிரும். ஒம்ம பழைய காரு இன்னைக்கு ஓடுமா, ஓடாதா?"

இதுல அண்ணாச்சிக்கு என்ன போச்சுன்னு கேக்கலாம். எல்லாமே போச்சு. தங்கச்சி மவனைத் தன் காருல ஏத்தி, தானே ஓட்டிக்கிட்டு வரணும்னு அந்தப் பையன் பொறந்த அன்னைக்கே சொன்ன மனுசன். பெரியப்பா ஏற்பாடு பண்ணுன காருல மருமவன் வந்து எறங்கினா, அண்ணாச்சி அந்த மண்டபத்துல தலை நிமிந்து நடக்க மாட்டாரு. அவரு மாமனார் குடுத்த அந்த வெள்ளைக் காரு நின்ன எடத்துல எல்லாம் எண்ணெய் ஒழுகும். பட்டறைக்காரன் ஒரு வாரம் விட்டுட்டுப் போங்கன்னுட்டான். அதனால வீட்டுலயே வச்சுத் தன் கையால ரிப்பேர் பார்க்காருன்னு கேள்விப்பட்டிருந்தோம்.

அண்ணாச்சி சட்டைப் பையில இருந்து ஒரு போல்ட்டை எடுத்து பெஞ்சுல டொக்குன்னு வச்சாரு.

"வே நவநீதம், இது என்னன்னு தெரியுமா?"

"போல்ட்டு, அண்ணாச்சி."

"வெறும் போல்ட்டுன்னா நான் எதுக்குவே பையில வச்சுக்கிட்டு அலையுதேன்? இன்ஜினுக்கு அடியில எண்ணெய் நிக்கதுக்குன்னு ஒரு தட்டு உண்டு. ஆயில் சேம்பர்னு பேரு. அதைக் கழட்டணும்னா மொதல்ல அதுக்கு அடியில இருக்க இந்தப் போல்ட்டை எடுத்து, பழைய எண்ணெயை எறக்கணும். காரு வாங்குன நாள்ல இருந்து இதை ஒருத்தனும் அசைச்சது கெடையாது."

"காரை எப்படித் தூக்குனீரு? ஜாக்கி இருக்கா?" அப்படின்னாரு பெரியப்பா.

"ஜாக்கி எதுக்கு? எடது கையால முன்பக்கத்தைத் தூக்கினேன், வலது கையால ஆட்டுரலை உருட்டி அடியில வச்சேன். பின்பக்கத்துக்கு அம்மிக்கல்லு."

"ஆட்டுரலை ஒத்தைக் கையால," அப்படின்னு நான் கத்தியைத் தீட்டிக்கிட்டே கேட்டேன். அண்ணாச்சி வீட்டு அண்ணிகிட்ட இருக்க ஆட்டுரலை நகட்ட போன வருசம் நாலு பேரு போனோம். நானும் அதுல ஒருத்தன்; அதையும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. இருந்திருந்தா உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டா. கதையைக் கேளும். ஸ்பானரைப் போட்டேன், அசையல. ஸ்பானர் நுனியில ஒரு பைப்பைச் சொருகி மூச்சைப் பிடிச்சு ஒரு அழுத்து. போல்ட்டு அப்படியே நிக்கி, காரு சுத்திருச்சு. கெழக்க பாத்து நின்ன காரு, ஆட்டுரலோட சேந்து மேக்க பாத்து நிக்கி. வந்த கோவத்துல இன்னொரு அழுத்து. இந்தத் தடவை எங்க வீட்டு வாசப்படியும் சேந்து சுத்திருச்சு. எம் பொண்டாட்டி அடுப்படின்னு நெனைச்சுத் தெருவுக்கு வந்து நிக்கா."

பெரியப்பா என்னையப் பாத்தாரு. "நேத்து எங்க வீட்டு முத்தத்துல வெயிலே அடிக்கல நவநீதம். வத்தல் காயல. இப்பம்லா காரணம் தெரியுது."

"கேலி பண்ணும் அத்தான், பண்ணும். மூணாவது அழுத்துல போல்ட்டு வந்துச்சு. ஆனா எண்ணெய் வரணும்லா? அது எத்தனை வருசத்து எண்ணெய். தார் மாதிரி இருக்கு. மொதச் சொட்டு கெளம்பிச்சு. அது தரைக்கு வரட்டும்னு நான் குத்தாலத்துக்கு பஸ் ஏறிட்டேன். அருவியில குளிச்சேன், கடையில புரோட்டா சாப்பிட்டேன், திரும்பி வந்து குனிஞ்சு பாக்கேன். அந்தச் சொட்டு பாதி வழியில நின்னு, 'வாங்க'ன்னு என்னை வரவேக்கு."

நாற்காலியில கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு குலுங்குது. கத்தி கன்னத்துல இருக்கு. "தம்பி, ஆடாத. நாளைக்கு போட்டோ எடுப்பாவ," அப்படின்னேன்.

"பொறவு சுத்தி இருக்க சின்னப் போல்ட்டை எல்லாம் கழட்டினேன். சேம்பர் எறங்கணும். எறங்கல. பழைய பசை பிடிச்சுக்கிட்டு, குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் வேற மறிக்கி. இன்ஜினைக் கொஞ்சம் மேல தூக்கினாத்தான் வழி. பட்டறையில அதுக்குன்னு சங்கிலி வச்சிருப்பான். நான் என் எட்டு முழ வேட்டியை இன்ஜின்ல கட்டி, மறுநுனியை வேப்பமரத்துக் கொப்புல கட்டினேன். மரத்தைப் பாத்து, 'ம்'னு ஒரு அதட்டு. மரம் நிமிந்துச்சு, இன்ஜின் மேல போச்சு, சேம்பர் தானா எறங்கித் தரையில உக்காந்துச்சு."

"வேட்டியை மரத்துல கட்டிட்டா, நீரு என்னத்தைக் கட்டிக்கிட்டு நின்னீரு?" அப்படின்னாரு பெரியப்பா.

"அந்தச் சமயத்துல என்னை யாரு பாக்கா? எல்லாக் கண்ணும் சேம்பர் மேல. அத்தான், உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? சகதி. அந்தச் சகதிக்குள்ள ஒரு கெளுத்தி மீனு. மீசையோட. ஒரு வருசம் ஆத்து வெள்ளத்துல வண்டி நின்னுச்சுல்லா, அப்பம் குஞ்சா ஏறியிருக்கு. எண்ணெயைக் குடிச்சே வளந்து ஒரு முழம் இருக்கு. எம் பொண்டாட்டி வறுத்தா. சட்டியில சொட்டு எண்ணெய் விடல, மீனே விட்டுச்சு."

"ருசி எப்படி?" அப்படின்னேன்.

"லேசா பெட்ரோல் வாடை. ரெண்டு நாளா எனக்கு நடையே வேகமா இருக்கு."

இதுக்கு மேல என்ன கேக்கது. ஆனா அண்ணாச்சி விடல. சேம்பரைப் புளி போட்டு வெளக்கி வெயில்ல வச்சாராம். தெருச் சேவல் அதைப் பாத்து இன்னொரு சூரியன்னு நெனைச்சு மத்தியானம் கூவிச்சாம். பொம்பளையாளுக அதுல மொகம் பாத்துப் பொட்டு வச்சுட்டுப் போனாவளாம்.

"மாட்டியாச்சு. புது பசை, ஒழுகாம இருக்க நடுவுல புது அட்டை. இப்பம் என் காரு எப்படித் தெரியுமா? மூணே வார்த்தை சொல்லுதேன். சத்தம் வராது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாது. பெட்ரோல் முள்ளு எறங்கவே எறங்காது."

கோமதிநாயகம் நுரைக்கு நடுவுல வாயைத் தொறந்தான். "மாமா, எனக்கு உங்க காருல போவத்தான் ஆசை. அம்மாவும் அதைத்தான் சொல்லுதா. நிசமாவே ஓடும்லா?"

அந்தக் கேள்வியில அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அது புளுகு இல்ல, நான் கண்ணாடியில பாத்தேன். உடனே போனை எடுத்துப் பொண்டாட்டியைக் கூப்பிட்டாரு. "ஏ பரமகல்யாணி, புது ஆயில் டப்பா இருக்குல்லா, அதை மேல இருக்க மூடியைத் தொறந்து பூரா ஊத்து. ஊத்திட்டு சாவியைப் போட்டு ஓட விடு. நான் வார வரைக்கும் ஓடட்டும். சத்தம் வராது, நின்னு போச்சுன்னு பயந்துராத." போனை வச்சுட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினாரு. "ஒம்ம வாடகைக் காரை வேண்டாம்னு சொல்லும்."

பெரியப்பா பையனோட மொகத்தைப் பாத்தாரு. ஒரு பெருமூச்சு விட்டாரு. போன்ல வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்தக் காரு அப்பமே அடுத்த கல்யாணத்துக்குப் போயிருச்சு.

நான் மறு கன்னத்துல கத்தி வைக்கேன், பரமகல்யாணி அண்ணி வந்து வாசல்ல நிக்காவ. சேலை முந்தியில எண்ணெய், கால்ல எண்ணெய்.

"நீங்க சொன்னபடி மேல ஊத்தினேன்," அப்படின்னாவ. "கீழ தெருவுக்குப் போச்சு. நான் குனிஞ்சா பாத்தேன்? சாவியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கடகடன்னு ஓடிச்சு. பொறவு ஒரு முக்கு முக்கி நின்னுருச்சு. இப்பம் சத்தமே வரல. நீங்க சொன்னது நெசந்தான்."

கோமதிநாயகம் பாதிச் சவரத்தோட எந்திரிச்சு, பெஞ்சு மேல இருந்த போல்ட்டை எடுத்தான். "மாமா, இதைக் காருல மாட்டலையா?"

அண்ணாச்சி அதையே பாத்தாரு. எங்ககிட்டக் காட்டிப் பெருமை அடிக்கணும்னு எடுத்துட்டு வந்த போல்ட்டு. சேம்பர், பசை, அட்டை எல்லாம் மாட்டினவரு, அதை மட்டும் பையில போட்டுக்கிட்டாரு. அடி ஓட்டை தொறந்தே கெடந்திருக்கு. சொட்டு எண்ணெய் இல்லாம ஓடுன இன்ஜின் இறுகிப் போச்சு. என் கடையில அவரு வாயடைச்சு உக்காந்து நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் நடந்தே போறேன் மாமா," அப்படின்னான் பையன். அவன் நல்ல மனசோடதான் சொன்னான். அதைக் கேட்டு அண்ணாச்சி இன்னும் ஒடுங்கிட்டாரு.

"எதுக்கு நடக்கணும்?" அப்படின்னாவ அண்ணி. "முன்னால நாயனக்காரவுக நடந்துதான வருவாவ? காரு அவுகளை முந்தியா போவப் போவுது? சக்கரம் உருளுது. பின்னால நின்னு தள்ளுங்க."

சாயங்காலம் காருக்கு ரோசாப்பூ மாலை, வாழக்கன்னு. முன்னால நாயனம், மேளம். பின்சீட்டுல மாப்பிள்ளை, ஸ்டீரிங்குல பட்டு வேட்டி கட்டுன சொரிமுத்து அண்ணாச்சி, ஒரு கையை ஜன்னல்ல தொங்கப் போட்டுக்கிட்டு. பின்னால தட்டு தூக்கி வார பொம்பளையாளுகளுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு, நானும் இன்னும் அஞ்சாறு பேரும் தள்ளுதோம். என் பக்கத்துல தோளைக் குடுத்துத் தள்ளுனது யாருன்னா, பெரியப்பா ஆவுடையப்பன். பொண்ணு வீட்டு முன்னால குடும்ப மானம் போவக் கூடாதுல்லா.

மண்டபத்து வாசல்ல பொண்ணோட அப்பா, ஆரத்தித் தட்டு வச்சிருந்த பொம்பளையாளுகளோட காத்திருந்தாரு. பழைய காருன்னா அவருக்கு உசுரு. ஆரத்தி சுத்தினதும் நேரா காருகிட்ட வந்தாரு.

"சம்மந்தி, இந்த வயசுல ஒரு வண்டி இப்படியா? சத்தமே கேக்கலையே."

"நானே கழட்டி மாட்டினது," அப்படின்னாரு அண்ணாச்சி.

பொண்ணோட அப்பா குனிஞ்சு அடியில பாத்தாரு. "ஒரு சொட்டு ஒழுகலையே."

"ஒழுகாது."

ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. "பெட்ரோல் முள்ளு?"

"கெளம்பும்போது எங்க இருந்துச்சோ அங்கதான் நிக்கி."

அந்த ஆளு தொடர்ந்தாப்புல மூணு உண்மை பேசி நான் கேட்டதே இல்ல. கோமதிநாயகம் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டான். அண்ணாச்சி நெஞ்சு, காலையில கடையில இருந்ததுக்கு ரெண்டு மடங்கா நிமிந்திருக்கு.

பொண்ணோட அப்பா அசந்து போயி நிக்காரு. "அப்பம் எதுலதான் சம்மந்தி ஓடுது?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினாரு. அந்த வாய் தொறந்திருந்தா வேப்பமரத்துல இருந்து கெளுத்தி மீனு வரைக்கும் வந்திருக்கும். அதுக்குள்ள பின்னால இருந்து, துண்டால வேர்வையைத் தொடைச்சுக்கிட்டே பெரியப்பா முன்னால வந்தாரு.

"சோத்துல," அப்படின்னாரு. "மொதப் பந்தி எப்பம்னு சொல்லும். அதைப் போட்டாத்தான் வீடு திரும்பும்."