ஆச்சு என்று சொன்ன முள்ளம்பன்றி

செம்மலைக் காட்டில் ஒரு மைனா சமையல் பள்ளி நடத்தியது. பள்ளி ஓர் ஆலமரத்தடியில் இருந்தது. அடுப்பு மட்டும் இல்லை! "இங்கே நெருப்பு மூட்டினால் மேலே என் கூடு என்ன ஆவது?" என்று மைனா கேட்கும். அதுவும் நியாயம்தான். அதனால் மாணவர்கள் சமையலை வாயாலேயே படித்தார்கள்.

"வதக்கு! வறு! தாளி! மசி!" என்று மைனா சொல்லும். எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். அதில் முதலில் கேட்பது சிலிர்ப்பி என்ற முள்ளம்பன்றியின் குரல்தான். பாகுப் பதங்களின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது மடமடவென்று ஒப்பிக்கும்.

கடைசி நாளில் மைனா ஒரு புத்தி சொல்லி அனுப்பியது. "சமையற்கட்டில் மாஸ்டர் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாது. 'ஆச்சு மாஸ்டர்!' என்று கணீரென்று பதில் வர வேண்டும். அப்போதுதான் நம் பள்ளிக்குப் பேர்!"

சிலிர்ப்பியை யானை மாஸ்டரிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காட்டில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் அந்த யானைதான். அப்போது மயில் வீட்டுக் கல்யாண வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதிரசத்துக்காக வெல்லப் பாகு அண்டாவில் கொதித்தது. ஆற்றில் வெள்ளம் வேறு. இனி அக்கரைக்குப் போய் வெல்லம் வாங்க வழியில்லை. இருந்த வெல்லமெல்லாம் அந்த ஒரே அண்டாவில்தான்.

"பாகு உன் பொறுப்பு, சிலிர்ப்பி!" என்றது யானை. "உருட்டுப் பதம் வரணும். இளசா இருந்தா அதிரசம் எண்ணெயில கரைஞ்சு போகும். முத்திப் போச்சுன்னா கல்லு! மயில் வீட்டுக்காரங்களுக்குப் பல்லும் கிடையாது, பார்த்துக்கோ!"

சிலிர்ப்பி அண்டாவை எட்டிப் பார்த்தது. உருட்டுப் பதம் என்றால் உருட்டினால் உருளும் பதம். அதுவரைக்கும் மனப்பாடம். ஆனால் எதை உருட்டுவது? கரண்டியையா? அண்டாவையா?

பக்கத்தில் வாணலி கழுவிக்கொண்டிருந்த மந்தியிடம் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. 'படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியலையா' என்று சிரித்துவிட்டால்?

அந்தப் பக்கத்திலிருந்து யானை குரல் கொடுத்தது. "சிலிர்ப்பி! பதம் ஆச்சா?"

"ஆச்சு மாஸ்டர்!"

பழகிய வாய்! மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

யானை அரிசி மாவுக் கூடையைத் துதிக்கையில் தூக்கிக்கொண்டு அண்டாவை நோக்கி வந்தது. சிலிர்ப்பியின் முள்ளெல்லாம் விறைத்து நின்றது. "ஐயோ, குத்துது!" என்று தேங்காய் துருவிய மரநாய் துள்ளி விலகியது.

பேசாமல் இருந்துவிட்டால்தான் என்ன? மாவு ஊறி, மறுநாள் எண்ணெயில் போடும்போதுதானே குட்டு வெளிப்படும்? வெல்லம் மட்டம் என்று பழியை அதன் மேல் போட்டுவிடலாம். வெல்லம் என்ன மறுத்தா பேசப்போகிறது!

கூடை சாய்ந்தது.

"நிறுத்துங்க மாஸ்டர்! ஆகலை! ஆகலை!"

சமையற்கட்டே திரும்பிப் பார்த்தது. யானை கூடையை அந்தரத்தில் பிடித்தபடி, "இப்பத்தானே ஆச்சுன்னே?" என்றது.

"பொய் சொல்லிட்டேன், மாஸ்டர்! எனக்குப் பதத்தோட பேருதான் தெரியும். பதம் தெரியாது. என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க. மாவை மட்டும் கொட்டிடாதீங்க!"

யானை கூடையைக் கீழே வைத்தது. "அப்பாடா!" என்று அப்படியே உட்கார்ந்தது. தட்டுகளெல்லாம் கடகடவென்று ஆடின.

"நல்ல வேளை, வாயைத் திறந்தே! எனக்கு ஏது விரலு? பாகை நான் ஒருநாளும் உருட்டிப் பார்த்ததில்லை. அடுப்புகிட்ட நிக்கிறவங்க ஆச்சுன்னு சொன்னா கொட்டுவேன். அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை கல்யாணமும் நடந்திருக்கு."

"அப்ப... உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது! தெரிஞ்சவங்களைக் கேட்டுக்கிறேன். அதுல என்ன வெட்கம்?"

மந்தி வாய்விட்டுச் சிரித்தது. ஆனால் சிலிர்ப்பி பயந்த சிரிப்பு இல்லை அது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா, தங்கச்சி? இங்கே வா!" என்று கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்தது. அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டது. பாகு புகைபோல் கரைந்து போனது.

"பார்த்தியா? இப்ப மாவைக் கொட்டியிருந்தா கோவிந்தாதான்!"

"இன்னும் கொஞ்சம் கொதிக்கணுமா, அக்கா?"

"நீயே விட்டுப் பாரு. உன் விரலுக்குத் தெரியும்."

சிலிர்ப்பி விட்டுப் பார்த்தது. கரைந்தது. மறுபடி விட்டது. பாதி கரைந்தது. மூன்றாம் முறை பாகு கரையாமல் அடியில் போய்த் திரண்டது. எடுத்து விரலால் உருட்டினால், மெத்தென்று முத்துப்போல் உருண்டது!

"மாஸ்டர், கொட்டுங்க!" என்று சிலிர்ப்பி கத்தியது. இந்தத் தடவை வாயும் மூளையும் விரலும் சேர்ந்து கத்தின.

கல்யாணத்தன்று அதிரசம் பஞ்சாக இருந்தது. மயில்கள் ஆளுக்கு நான்கு விழுங்கின. "நாளையிலிருந்து பாகு அடுப்பு உனக்குத்தான்!" என்றது யானை. அதைக் கேட்ட பிறகுதான் சிலிர்ப்பியின் முள்ளெல்லாம் மெல்லப் படிந்தது. அதுவும் இலை போட்டு, ஓர் அதிரசத்தை ஆற அமர மென்று தின்றது.

தெரியும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாலும், கெடுவதற்கு முன்னே தெரியாது என்று ஒப்புக்கொள்பவருக்கு வெட்கம் ஒரு நொடி, நிம்மதி நெடுநாள்.