மறு உத்தரவு வரும் வரை

மங்களேஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பு ஒரு பக்கம் விழ வேண்டும், இலை ஒரு பக்கம், பழுத்தது இன்னொரு பக்கம். அன்றைக்கு எல்லாம் ஒன்றாக விழுந்தது.

வாரத்தில் ஆறு நாள் அவள் நீர் வாரியத்தின் மாவட்ட அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த மடத்துக்கு வந்துவிடுவாள். இங்கே அவளுக்குக் கொடுத்த வேலை கீரை உருவுவது. ஐந்து வருஷமாக அதே வேலை. இதை விடப் பெரிய வேலை எதையும் குரு கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

குரு ஒரு காலத்தில் கொத்தனார். கொத்தனார் சாமி என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவளை விடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் அவர் வந்தால் எழுந்து நிற்பாள்.

இலைக்குள் கிடந்த போன் அதிர்ந்தது. காலையிலிருந்து நாலாவது தடவை. ஆபீஸ் உதவியாளர் பரமானந்தம்தான். பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து ஆகிவிட்டால் மைக் கட்டிய ஆட்டோவை அனுப்பிவிடலாம் என்று மறுபடியும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைகள் நேற்று ராத்திரி பதினொன்று, இன்று காலையில் பதின்மூன்று ஆகிவிட்டது என்றும் சொன்னார்.

அவள் போனை மறுபடி இலைக்குள்ளேயே வைத்தாள்.

ஆறு ஊர்க் கிணற்றில் எதுவோ இறங்கியிருக்கிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. குடித்த பிள்ளைகள் வாந்தியெடுத்து மயங்கி விழுகின்றன. கிணறு, போர் எதிலும் சொட்டுத் தண்ணீர் எடுக்கக் கூடாது, வயலுக்கும் பாய்ச்சக் கூடாது என்று விதி போட வேண்டும். மிளகாய் பூவெடுத்து நிற்கிற நேரம். பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் செடி கருகிவிடும். அந்த ஆறு ஊரும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

வாரியம் விதி போட ஒரு முறை உண்டு. வரைவை ஊரில் ஒட்ட வேண்டும். முப்பது நாள் ஆட்சேபணை கேட்க வேண்டும். கூட்டம் போட்டு, வந்தவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, அதற்கப்புறம்தான் விதி. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இது எதுவுமே இல்லாமல் ஒரே கையெழுத்தில் போடலாம். அவசர விதி. தற்காலிகம்.

அந்தத் தற்காலிகம் என்ற சொல்லைக் கண்டால்தான் அவளுக்குப் பயம்.

டிரைவர் செய்யது கொண்டுவந்து கொடுத்த கோப்பு பக்கத்தில் கிடந்தது. குரு அடுக்களைக்குள் வந்ததும் அவள் எழுந்தாள். விஷயத்தை எல்லாம் சொன்னாள். முன்பு ஒரு தடவை இப்படி யாரையும் கேட்காமல் ஒரு உத்தரவு போட்டதையும், அது எட்டு வருஷமாக மனசில் முள்ளாகக் கிடப்பதையும் சொன்னாள்.

"யாரையும் கேக்காம போட்டா அநியாயம் சாமி. கேட்டுட்டுப் போட்டா பிள்ளைங்க இருக்காது. நான் போடவா, வேண்டாமா?"

குரு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தோளில் கொஞ்சம் மண் உதிர்ந்தது.

அடுக்களையின் நடுவில் அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே விட்டம். மடத்துக்குச் சமைக்கிற ராக்கு கீழே குனிந்து நாற்பது பேருக்கான கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள். விட்டத்தில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளியை மெதுவாக ஒடிக்கிற மாதிரி.

குரு இரண்டு எட்டில் போய் ராக்குவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துத் தள்ளினார். திரும்பி வந்து கஞ்சிப் பானையைக் காலால் உந்தி அடுப்பின் மேலேயே கவிழ்த்தார். தீ அணைந்து புகை எழும்பியது. செய்யது ஓடி வந்தான். முந்தின நாள் முற்றத்தில் வெட்டிப்போட்ட பூவரசங்கொம்பு ஒன்று, ஆள் உயரத்தை விட நீளமாகக் கிடந்தது. இருவரும் அதைத் தூக்கி வந்து விட்டத்துக்கு முட்டாக அண்டக் கொடுத்தார்கள். ஓடு நாலைந்து கீழே விழுந்து உடைந்தது. விட்டம் முனகிவிட்டு நின்றது.

கொம்பின் அடி வழுக்கியது. மங்களேஸ்வரி மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்து வந்து குழி போடப் போனாள்.

"குழி வேண்டாம்மா. கல்லைக் கொண்டாங்க."

"ஒரு முழம் ஊனிட்டா நல்லா நிக்குமே சாமி."

"நல்லா நிக்கும். அதனாலதான் வேண்டாம்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் மேல் கொம்பை நிறுத்தி, சுற்றிலும் சில்லு வைத்து இறுக்கினார்கள்.

அதற்கப்புறம்தான் ராக்குவின் குரல் எழும்பியது. நாற்பது பேர் மிளகாய்க் காட்டிலிருந்து பசியோடு வருவார்கள், அவர்களுக்கு இந்தச் சாம்பலையா ஊற்றுவது என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தானே பானையை இறக்கியிருக்க மாட்டாளா, சாமி என்றால் காலால் எத்துவதா என்றும் கேட்டாள். கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். மணிக்கட்டு சிவந்திருந்தது.

குரு அவளை உள்ளே கூட்டிப் போனார். விட்டத்தில் கறையான் தின்ற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார். ஒரு சாண் அகலத்துக்கு மரம் பொடியாக இருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவள் நின்றிருந்தாள்.

ராக்கு அண்ணாந்து பார்த்தாள்.

"சரி. பாத்துட்டேன்," என்றாள்.

"இப்ப சொல்லுங்கக்கா. என்ன செய்யலாம்?"

வேப்பமரத்தடியில் கல் கூட்டி உலை வைக்கலாம் என்றாள் ராக்கு. கஞ்சி அரை மணி தாமதமாகும், பரவாயில்லை. ஆனால் முட்டு நிற்கிற இடம் சரியில்லை, தண்ணிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது இடுப்பு இடிக்கும் என்றாள். குரு குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரிதான். செய்யதும் அவருமாகக் கல்லோடு சேர்த்து ஒரு சாண் நகர்த்தினார்கள்.

"எத்தனை நாளைக்கு நான் வெயில்ல கிடக்கணும்?"

"ஒரு மாசம். அதுக்குள்ள புது விட்டம் ஏத்திடுவேன்."

ராக்கு சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"ஒரு மாசம்னா ஒரு மாசமா சாமி? நான் இந்த மடத்துக்கு வந்ததே கொஞ்ச நாளைக்குத்தான்."

ராக்கு கீழே சிதறிய ஓட்டைப் பொறுக்கியபடியே சொல்லிக்கொண்டு போனாள். அவள் ஊரில் பெரிய கண்மாய் இருந்தது. அவளும் அவள் புருஷனும் அதில் வலை போட்டுப் பிழைத்தார்கள். ஒரு கோடையில் மீன் செத்து மிதந்தது. அதிகாரிகள் வந்து, மீன் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். சரிதான், அந்த மீனைத் தின்றால் ஆள் செத்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் தெளிந்தது. மீனும் வந்தது. ஆனால் தாள் அப்படியே இருந்தது. வலை போட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. அவள் புருஷன் திருப்பூருக்குப் போனான். அவள் இங்கே வந்தாள்.

"கொஞ்ச நாள்தான், கண்மாயைத் திறந்ததும் போயிரலாம்னு வந்தேன். எட்டு வருசம் ஆச்சு."

மங்களேஸ்வரியின் கையில் இருந்த கடப்பாரை கனத்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் ராக்கு. அவள் யாரையும் பார்க்காமல் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எம் மகதான் தாளைப் படிச்சுக் காட்டினா. மறு உத்தரவு வரும் வரைன்னு இருந்துச்சு. கீழ இருந்த பேரையும் படிச்சா."

அடுக்களையில் புகை இன்னும் அடங்கவில்லை. ஐந்து வருஷமாக இந்தக் கைதான் ஒவ்வொரு ஞாயிறும் தனக்குக் கஞ்சி ஊற்றியது என்று மங்களேஸ்வரி நினைத்தாள். ஒரு அகப்பை கூடவே ஊற்றியது. ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அதனால சாமி, சும்மா வாயால சொல்லாதீங்க. எழுதுங்க."

குரு ஒரு கரித்துண்டை எடுத்தார். பூவரசங்கொம்பில் பட்டையைக் கொஞ்சம் சீவிவிட்டு எழுதினார். விட்டம் விரிசல் விட்டுவிட்டது. இன்றைக்கு மாசி நாலு. பங்குனி நாலில் இந்த முட்டுக்கொம்பை எடுக்க வேண்டும். எழுதியதை ராக்குவுக்குப் படித்துக் காட்டினார்.

"எடுக்கலேன்னா?"

"நீங்களே தட்டி விட்டுடுங்க. கல்லு மேலதான நிக்குது."

ராக்கு ஓட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

மணி பதினொன்று. போன் மறுபடி அதிர்ந்தது. மங்களேஸ்வரி எடுக்கவில்லை. கோப்பைத் திறந்தாள். பரமானந்தம் எல்லாவற்றையும் பழைய உத்தரவைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்திருந்தார். ஊர்ப் பெயர்கள் மாறியிருந்தன. கடைசி வரி மாறவில்லை. இந்த விதி மறு உத்தரவு வரும் வரை அமலில் இருக்கும்.

இந்த வரியில் அவளுக்கு ஒரு நாளும் தப்புத் தெரிந்ததில்லை. ஆபீசில் எல்லா உத்தரவும் இப்படித்தான் முடியும். மறு உத்தரவை யார் போடுவது என்று யாரும் கேட்பதில்லை. அவள்தான் போட வேண்டியிருந்தது. போட வேண்டும் என்று எத்தனையோ தடவை தாளை எடுத்து வைத்தாள். எடுத்து வைத்த அன்றைக்கெல்லாம் ஒரு வெள்ளம் வந்தது, ஒரு தேர்தல் வந்தது, ஒரு மந்திரி வந்தார். யாராவது கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

"சாமி, கல்லு எதுக்கு?" என்று கேட்டாள்.

"வாங்கம்மா."

தொழுவத்துக்குக் கூட்டிப் போனார். தொழுவத்தின் ஓரத்தில், கூரையைக் கிழித்துக்கொண்டு ஒரு பூவரசு நின்றது. வேர் தடித்துப் பக்கத்துச் சுவரைப் பிளந்திருந்தது. அந்தப் பக்கம் மாடு கட்டுவதில்லை. ஐந்து வருஷமாக அதன் நிழலில்தான் அவள் செருப்பைக் கழற்றி விடுகிறாள்.

"மரத்தை வெட்ட மனசில்லாம, அதைச் சுத்தித் தொழுவம் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான் முட்டுன்னு நெனச்சுத்தான்மா வெச்சேன்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் பூ ஒன்று சுழன்று விழுந்தது.

"பச்சைக் கொம்பு. ஈர மண்ணு. ஒரு முழம் ஊனினேன், நல்லா நிக்கட்டும்னு. பத்து நாளைக்குன்னு வெச்சது."

"தளிர் விட்டப்ப பாக்கலையா சாமி?"

"பாத்தேன். நகத்தால கிள்ளியிருந்தாப் போதும். அன்னைக்கு வேற வேலை இருந்துச்சு."

அவள் திண்டில் உட்கார்ந்தாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். கடைசி வரியை அடித்தாள். தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். அதன் பக்கத்தில், பதின்மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருப்பதால் யாரையும் கேட்காமல் இந்த விதி போடப்படுகிறது என்று எழுதினாள். மூன்று மாதத்தில், மே மாதம் பதினாறாம் தேதியோடு யாரும் சொல்லாமலே இது செத்துப்போகும் என்று எழுதினாள். செத்துப்போகும் என்பதை அடித்துவிட்டுக் காலாவதியாகும் என்று மாற்றினாள். வருகிற புதன்கிழமை காலையில் ஆறு ஊர்க்காரர்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்து தன் முகத்துக்கு நேராகப் பேசலாம் என்றும் எழுதினாள்.

கையெழுத்துப் போட்டாள்.

செய்யது கோப்பை வாங்கிக்கொண்டு ஓடினான். ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மணி பதினொன்றே முக்கால்.

அவள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேலே நடுவில் மறு உத்தரவு என்று எழுதிக் கோடு போட்டாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய கண்மாயில் மீன் பிடிக்கக் கூடாதென்று நான் போட்ட உத்தரவு இன்றைய தேதியிலிருந்து என்று எழுதிக்கொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியிலிருந்து ராக்கு கூப்பிட்டாள். உலை கொதிக்கிறது, கீரை என்ன ஆயிற்று, சீக்கிரம் வாங்கம்மா என்று கூப்பிட்டாள்.

மங்களேஸ்வரி பழக்கத்தில் பேனாவை மூடப் போனாள். கால் எழுந்துவிட்டது.

குரு தொழுவத்துக்கு வெளியே எட்டிப் பார்த்து ராக்குவிடம் சொன்னார்.

"இருங்கக்கா. எட்டு வருசம் பொறுத்தீங்க. இன்னும் அரை வரிதான்."