பெயர் வெட்டிய டம்ளர்

எங்கள் மடத்தில் மயில் முட்டை ஆறு வெந்துபோன கதையை யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் மடத்துச் சமையல்காரி. வேக வைப்பது என் வேலை, பொன்னுரங்கம் அய்யாவின் வேலை இல்லை.

அவர் தாலுகா ஆபீஸில் ரிக்கார்டு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் பேர் எழுதி ஒட்டிவிடுவார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் மிளகாய்த்தூள் டப்பாவில் ஒட்டி வைத்தார். சீடர் என்று பேர், குரு வேதவல்லி அம்மாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். அம்மா கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். அவரிடம் தியானம் கற்க வந்த அய்யா கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டார்.

அறுவடை மெஷின் கலைத்த கூட்டிலிருந்து வனக்காவலர் அந்த ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அய்யா ஒரு பெட்டி செய்தார். சூடு பார்க்கிற சென்சார் ஒன்று பெட்டிக்குள், இன்னொன்று வெளியே சுவரில். இரண்டு வயரும் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும். பெட்டி குளிர்ந்தால் கம்ப்யூட்டரே பல்பைப் போடும், சூடு போதும் என்றால் அணைக்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அதற்கப்புறம் பல்பு அணையவே இல்லை. சாயங்காலம் திறந்து பார்த்தால் ஆறும் போச்சு. சுவரின் சூட்டைப் பெட்டியின் சூடு என்று நினைத்து, இன்னும் குளிர்கிறது, இன்னும் குளிர்கிறது என்று எரியவிட்டிருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர். அய்யா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வனக்காவலர் வேறொரு கூட்டிலிருந்து ஐந்து முட்டை கொண்டுவந்தார். இந்தத் தடவை அய்யா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு வயரிலும் சிவப்பு மையில் சீட்டு எழுதி ஒட்டினார். “உள்ளே”, “வெளியே” என்று எனக்கு வாசித்தும் காட்டினார். என்னத்தைச் சொல்ல.

பத்தாம் நாள் மறுபடி கரண்ட் போய் வந்தது. பெருக்கப் போன நான் பெட்டியில் கை வைத்தேன். அனலாகக் கொதித்தது. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

முட்டைகள் தப்பின. அய்யா நேராக அம்மாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சீட்டு ஒட்டியும் மாத்திப் படிக்குதும்மா. அதுக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

“புரோகிராம்ல என்ன எழுதியிருக்கீங்க?”

“யூஎஸ்பி ஜீரோன்னு கம்ப்யூட்டர் காட்டுற சென்சார் பெட்டி. யூஎஸ்பி ஒண்ணுன்னா சுவர்.”

“அந்தப் பேரை யாருய்யா வெச்சது?”

“கம்ப்யூட்டர்தான் வெச்சுது.”

“எதைப் பாத்து வெச்சுது?”

“போன தடவையும் இதையேதான் கேட்டீங்க. குழப்பாதீங்கம்மா. இன்னும் பெரிய சீட்டா ஒட்டட்டுமா?”

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“செண்பகம், நாளைக்குக் காலையில காபியை வர்ற வரிசைப்படி கொடு. முதல்ல வர்றவருக்குச் சர்க்கரை வேண்டாம். ரெண்டாவது ஆளுக்கு ரெண்டு கரண்டி போடு.”

தினமும் முதலில் வருவது அய்யாதான். அவர் சர்க்கரை வியாதிக்காரர். மறுநாள் பெட்டிக்குக் காவல் இருந்துவிட்டுத் தாமதமாக வந்தார். தோட்டம் பார்க்கிற கோட்டைச்சாமி முந்திக்கொண்டு, சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு என்னை முறைத்தார்.

அய்யா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

“எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா, செண்பகம்?”

“தெரியும்யா. இன்னிக்கு ரெண்டாவதா வந்தீங்க.”

“டம்ளர்ல என் பேர் வெட்டியிருக்கே.”

“அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதேய்யா” என்றார் அம்மா.

“படிக்க வேண்டாம். எட்டு வருஷமா இதே தூணோரம்தானே உட்கார்றேன். இந்த இடத்தைப் பாத்தாவது கொடுத்திருக்கலாம்ல…”

பாதியிலேயே நிறுத்திவிட்டார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது கம்ப்யூட்டரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு சென்சாரும் ஒரே அச்சாம், தனி நம்பர்கூடக் கிடையாதாம். அதனால் எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மேல் ஓட்டை பெட்டி, கீழ் ஓட்டை சுவர். அப்புறம் அவரே மெயினை அணைத்து அணைத்து மூன்று தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். சூடு வந்ததும் பல்பு ஒழுங்காக அணைந்தது. சீட்டுகளைக் கிழித்து என் அடுப்பில் போட்டார்.

ஐந்தில் நான்கு பொரிந்தன. அய்யா ஒரு குஞ்சைத் துண்டில் பொதிந்து அம்மாவிடம் கொண்டுவந்தார். வந்தவர் போகாமல் நின்றார்.

“அந்த ஆறு முட்டை… அது கம்ப்யூட்டர் பண்ணின தப்புதானேம்மா?”

அம்மா குஞ்சின் தலையை ஒரு விரலால் தொட்டார்.

“கரண்ட் வந்ததும் ரெண்டு சென்சார்ல எது முதல்ல வந்துச்சுன்னுதான்யா அது சொல்லுச்சு. அதைப் பேர்னு நம்பினது நீங்க.”