மூடாத கன்சோல்

மலைமேல் ஒரு மடம் இருந்தது. அங்கே தியானம் கிடையாது, கம்ப்யூட்டர் உண்டு. குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடர் திருமேனிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆகவே அவர் அவளை "குருவே" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

திருமேனியின் ஊர் மலையடியில், ஓடைக்கரையில். போன மழைக்கு ஓடை சொல்லாமல் கொள்ளாமல் பெருகி வந்து ஆட்டுக்கொட்டகையை அடித்துக்கொண்டு போனது. ஆட்கள் தப்பியது பெரிய விஷயம். அதற்குப் பிறகுதான் அவர் மடத்துக்கு வந்தார். ஓடையில் தண்ணீர் ஏறினால் ஊரில் எல்லா வீட்டுக்கும் தானாகப் போன் அடிக்க வேண்டும். அப்படி ஒரு ப்ரோகிராம் எழுத வேண்டும். வேறு ஞானம் எதுவும் அவர் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. ஓடை தொடங்கும் உச்சியில் ஒரு குடிசை. அங்கே தண்ணீர் மட்டத்தைக் கவனிக்க ஒரு புதுக் கம்ப்யூட்டர். ப்ரோகிராமை அதில் ஏற்ற ஜீப் வாசலில் வந்து நின்றது.

"குருவே, தயார். ஆசீர்வாதம் பண்ணுங்க."

"ஓட விட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

"தினமும் பாக்கறேன். ஒரு தடவைகூடத் தப்பல. நீங்களே பாருங்க."

திரையின் மேல் பாதி, அவர் எழுதிய பக்கம். கீழ்ப் பாதி, கன்சோல். அதில் ஒரு வரி அனுப்பினால் உடனே பதில் சொல்லும். திருமேனி சோதனைக்குக் குருவின் நம்பரை மட்டும் கொடுத்துக் கன்சோலில் தட்டினார். தண்ணீர் முழங்கால் அளவு. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் நெஞ்சளவு. குருவின் போன் அலறியது.

குரு எடுத்துக் காதில் வைத்தாள். போனுக்குள்ளிருந்து திருமேனி கத்தினார்: "தண்ணி வருது! மேட்டுக்கு ஏறுங்க! கோழியை விடுங்க, ஏறுங்க!"

"நல்லா மிரட்டறீங்க அண்ணே."

"பதிவு பண்ணி வெச்சிருக்கேன் குருவே. சொல்லுங்க, இதை நம்பி எங்க ஊரு தூங்கலாமா?"

குரு கையை நீட்டிக் கன்சோலை மூடினாள்.

"ஐயோ! அதை ஏன் மூடுனீங்க? ஆரம்பிச்ச நாள்லேருந்து மூடாம வெச்சிருந்தேனே! கரண்ட் போனப்பகூட பேட்டரியில ஓட்டினேன்!"

"புதுசு ஒண்ணு திறங்க. பக்கத்தை மேலேருந்து கீழ வரைக்கும் அனுப்புங்க. அதே நெஞ்சளவு."

அனுப்பினார். போன் அடிக்கவில்லை. கன்சோல் சிவப்பில் நாலு வரி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியது. அதன் சாரம் இவ்வளவுதான்: போன் அடிக்கிறதா? அப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரலையே.

"பொய் சொல்லுது குருவே! நேத்துகூடச் செஞ்சது!"

"சொல்லித் தந்த வரிங்க பக்கத்துல எங்க இருக்கு, காட்டுங்க."

திருமேனி மேலே தேடினார், கீழே தேடினார். முகம் வெளுத்தது.

"போன வாரம் பக்கத்தைச் சுத்தம் பண்ணேன். ஒரே வரிங்க ரெண்டு தடவை இருக்கற மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன். ரெண்டையுமே எடுத்துட்டேன் போல. அப்புறமும் வேலை செஞ்சதே?"

"நீங்க அழிச்சது பக்கத்துல. கன்சோலுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க இல்ல? மூடற வரைக்கும் அது மறக்காது."

"அப்ப மேல குடிசையில இருக்கற கம்ப்யூட்டர்?"

"அது உங்களை இன்னும் பாத்ததே இல்லையே அண்ணே."

வெளியே ஜீப் ஹாரன் அலறியது. டிரைவர் குருவைக் கூப்பிட்டார்: "டீச்சர்! மழை இறங்கிட்டா மேல ரோடே இருக்காது! வர்றீங்களா, நான் போகட்டா?"

திருமேனி எழுந்துவிட்டார். "போகச் சொல்லுங்க. எனக்கு இந்த வித்தை வராது. நான் கீழ போயி பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறிடறேன்."

"பக்கத்து வீடு?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"அதுக்கு அடுத்த வீடு?"

அவர் உட்கார்ந்தார்.

குரு வெளியே போய் ஜீப் சாவியை உருவிக்கொண்டு வந்தாள். டிரைவர் வாசலில் நின்று மடத்தையும் மடத்தைக் கட்டியவர்களையும் திட்டினார். உள்ளே ஒருவரும் காதில் வாங்கவில்லை.

திருமேனி போன் அடிக்கும் வரிகளை மறுபடி எழுதினார். கன்சோலை அவரே மூடினார். புதிதாகத் திறந்து பக்கம் முழுவதையும் அனுப்பினார்.

கன்சோல்: ஊர் நம்பரா? எந்த ஊரு?

"இதுவும் போச்சா!" தலையில் அடித்துக்கொண்டார். நம்பர்களை என்றோ கன்சோலில் மட்டும் தட்டியிருந்தார், பக்கத்தில் ஏற்றவே இல்லை. தன் போனைப் பார்த்து எல்லாவற்றையும் பக்கத்தில் ஏற்றினார். மூடினார். திறந்தார். இந்தத் தடவை கன்சோல் சிவக்கவில்லை.

"ஊரையே கிளப்ப வேணாம். என் வீட்டு நம்பருக்கு மட்டும் விட்டுப் பாக்கறேன் குருவே."

நெஞ்சளவு.

இருவரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் போன் அடித்தது. அவர் மனைவி பூங்காவனம், மூச்சு வாங்க:

"எங்க இருக்கீங்க? எவ்ளோ தண்ணி வருது? பாப்பாவைத் தூக்கிட்டு மேட்டுக்கு வந்துட்டேன். எதிர்ல வந்தவங்களையும் இழுத்துக்கிட்டு வந்துட்டேன். இங்க நின்னு பாத்தா ஓடை பேசாம கெடக்கு!"

"அது... சும்மா ஒரு சோதனை, பூங்காவனம்."

"சோதனையா? அடுப்புல குழம்பு கொதிக்குது! கோழியை விடுன்னு வேற கத்தறீங்க. வீட்டுக்கு வாங்க, வெச்சுக்கறேன்."

போன் வெட்டென்று நின்றது. திருமேனி கண்ணைத் துடைத்தார், சிரித்தார், மறுபடி துடைத்தார். ப்ரோகிராமை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குரு சாவியை டிரைவர் கையில் போட்டாள். அவர் இன்னும் திட்டி முடிக்கவில்லை.

ஜீப் நகரும்போது திருமேனி தலையை வெளியே நீட்டினார். "குருவே! மேல குடிசையில இருக்கறதும் 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னா?"

"சொல்லட்டுமே அண்ணே, அங்கேயே சொல்லிக் குடுங்க. இன்னும் மழை பெய்யலையே."